முகமும் இசைவும்: வணிக நிறுவனங்களின் முக அடையாளத் தொழில்நுட்பத்திற்கு வரம்பு எது?

முகப்பழக்கம் என்பது வணிக வாழ்வின் பழைய முதலீடு. கடைக்காரர் முகம் பார்த்துக் கடன் கொடுத்தார். வாடிக்கையாளர் முகம் பார்த்துச் சரக்கை நம்பினார். வங்கிக் கிளையில் காசாளர் கையொப்பத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஆளைப் பார்த்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் ஒரு சமநிலை இருந்தது. அவர் நம்மை அறிந்த அளவுக்கு நாமும் அவரை அறிந்திருந்தோம். அவர் நம்மைத் தவறாக நினைத்துவிட்டால், நேரில் நின்று விளக்கவும் முடிந்தது.

இன்று அந்த இடத்திற்குக் கேமராவும் கணினியும் வந்துள்ளன. செல்பேசியைத் திறக்க, வங்கிக் கணக்கைத் தொடங்க, ஓய்வூதியர் உயிர்வாழ் சான்று அளிக்க, விமான நிலைய வாயிலைக் கடக்க நம் முகமே சாவியாகிறது. இவற்றால் விளையும் நன்மை சிறிதன்று. முதுமையில் கைரேகை தேய்ந்தவர் 2021 முதல் தம் முகத்தைக் காட்டியே ‘ஜீவன் பிரமாண்’ சான்றினை வீட்டிலிருந்து அளிக்க முடிகிறது. ஆயினும் இதே தொழில்நுட்பம் ஒரு கடையின் கூரையில் அமர்ந்து, உள்ளே வரும் ஒவ்வொருவரையும் அவரறியாமல் ஒரு பட்டியலோடு ஒப்பிடவும் வல்லது. அப்போது அது நம்மை அறிகிறது. நாம் அதனை அறிவதில்லை. அது பிழை செய்தால் யாரிடம் விளக்குவது என்பதும் தெரிவதில்லை.

எனவே இத்தொழில்நுட்பத்தை வணிக நிறுவனங்கள் எந்த எல்லைக்குள் பயன்படுத்தலாம், சட்டம் எதனை வற்புறுத்த வேண்டும், வாடிக்கையாளர் எதனைக் கேட்கலாம் என்பவற்றை இக்கட்டுரையில் ஒழுங்காகக் காண்போம்.

இரு வேறு செயல்கள்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள வேண்டும். சாதாரண சிசிடிவி கேமரா காட்சியைப் பதிவு செய்கிறது. அதில் உள்ளவர் யார் என்று அது சொல்வதில்லை. முக அடையாளத் தொழில்நுட்பமோ கண்களின் இடைவெளி, மூக்கின் அமைப்பு, தாடையின் கோடு முதலிய எண்ணற்ற கூறுகளை ஆராய்ந்து, முகத்தை ஓர் எண்வரிசையாக மாற்றுகிறது. அதன்பின் அந்த எண்வரிசையை வேறோர் எண்வரிசையோடு ஒப்பிட்டு, இரண்டும் எவ்வளவு நெருங்கியுள்ளன என்று மதிப்பெண் இடுகிறது. அம்மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ‘ஒரே ஆள்’ என்கிறது. ஆகவே அது தருவது உறுதியான விடையன்று, ஒரு மதிப்பீடே.

இந்த ஒப்பீடு இருவகைப்படும். முதலாவது சரிபார்த்தல். ‘நான் இன்னார்’ என்று ஒருவர் தாமாகக் கூறுகிறார். கணினி அவருடைய முகத்தை அவருடைய ஒரே பதிவோடு ஒப்பிட்டு ஆம் அல்லது இல்லை என்கிறது. செல்பேசியைத் திறப்பதும், கணக்குத் தொடங்கும்போது அடையாள ஆவணத்தின் படத்தோடு நம் முகத்தை ஒப்பிடுவதும் இவ்வகை. இரண்டாவது கண்டுபிடித்தல். எவரும் எதுவும் கூறுவதில்லை. வருபவர் எவராயினும் அவர் முகம் ஆயிரக்கணக்கான பதிவுகளோடு ஒப்பிடப்படுகிறது. கடைகளிலும் அரங்குகளிலும் நிறுவப்படும் கண்காணிப்பு அமைப்புகள் இவ்வகை.

முதலாவதில் வாடிக்கையாளர் ஒரு பயனைக் கருதித் தாமே முகத்தைக் காட்டுகிறார். இரண்டாவதில் அவர் வெறுமனே உள்ளே நுழைகிறார். இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், ஒன்றுக்குக் கிடைத்த நற்பெயரை மற்றது எளிதில் கடன் வாங்கிக்கொள்கிறது. ‘செல்பேசியில் தினமும் செய்வதுதானே’ என்ற வாதம் இங்கேதான் வழுக்குகிறது.

சிறு பிழை பெருகும் விதம்

ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். ஓர் அமைப்பு ஒவ்வோர் ஒப்பீட்டிலும் இலட்சத்தில் ஒரு முறை மட்டுமே வேறொருவரை ‘அவரே’ என்று தவறாகச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். சரிபார்த்தலில் இது மிகச் சிறிய பிழை. அதே அமைப்பை ஒரு பெரிய அங்காடியில் நிறுவி, 1,000 பேர் கொண்ட கண்காணிப்புப் பட்டியலை அதற்கு அளிப்போம். உள்ளே வரும் ஒவ்வொருவரும் 1,000 முறை ஒப்பிடப்படுகிறார். ஆகவே குற்றமற்ற ஒருவர் தவறாகச் சுட்டப்படும் வாய்ப்பு ஏறத்தாழ நூறில் ஒன்றாக உயர்கிறது. நாளொன்றுக்கு 3,000 பேர் வந்தால் சுமார் 30 பேர் மீது தவறான எச்சரிக்கை எழும். அன்று பட்டியலில் உள்ள ஒருவர் உண்மையாகவே வந்திருந்தாலும், 31 எச்சரிக்கைகளில் 30 பொய்யானவை. ‘99.999 விழுக்காடு துல்லியம்’ என்னும் விளம்பரம் பொய்யன்று. ஆனால் அது முழுக் கணக்கையும் சொல்லவில்லை.

இந்தப் பிழை எல்லார் மீதும் சமமாக விழுவதும் இல்லை. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 189 மென்பொருள்களை ஆராய்ந்து 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், அவற்றுள் பலவற்றில் ஆப்பிரிக்க, கிழக்காசிய மக்களின் முகங்களுக்குத் தவறான பொருத்தம் 10 முதல் 100 மடங்கு வரை மிகுதியாக இருந்ததைக் கண்டது. மென்பொருளுக்கு மென்பொருள் இவ்வேறுபாடு மாறியது. மிகச் சிறந்தவற்றில் அது குறைவாகவே இருந்தது. ஆகவே எந்த மென்பொருள், எத்தகைய மக்களிடையே சோதிக்கப்பட்டது என்ற கேள்வி இன்றியமையாதது. பல நிறமும் பல முகவெட்டும் கொண்ட நம் நாட்டில் இக்கேள்விக்கு எடை இன்னும் கூடுகிறது.

ஒரு மருந்துக்கடைத் தொடர் தரும் பாடம்

மேற்கண்ட கணக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் ‘ரைட் எய்டு’ என்னும் மருந்துக்கடைத் தொடர் 2012 முதல் 2020 வரை தன் நூற்றுக்கணக்கான கடைகளில் இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியது. திருட்டு முதலிய குற்றங்களில் ஐயத்திற்குரியவர் என்று கருதப்பட்ட பல்லாயிரம் பேரின் படங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றுட் பல கண்காணிப்புக் கேமராவிலிருந்தும் ஊழியர் செல்பேசியிலிருந்தும் எடுக்கப்பட்ட மங்கலான படங்கள். வாடிக்கையாளருக்கு இது தெரிவிக்கப்படவில்லை.

அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 டிசம்பரில் தாக்கல் செய்த முறையீட்டின்படி, அமைப்பு ஆயிரக்கணக்கான தவறான பொருத்தங்களைத் தந்தது. ஊழியர்கள் குற்றமற்ற வாடிக்கையாளரைப் பின்தொடர்ந்தனர், வெளியேறச் சொன்னார்கள், உறவினர், நண்பர் முன்னிலையில் திருட்டுப் பழி சுமத்தினார்கள். 11 வயதுச் சிறுமி ஒருத்தி தவறான பொருத்தத்தால் நிறுத்திச் சோதிக்கப்பட்டாள். பட்டியலில் இருந்த ஒரே ஒருவரின் படத்திற்கு, ஐந்தே நாள்களில், நியூயார்க் முதல் சியாட்டில் வரை 130க்கும் மேற்பட்ட கடைகளில் 900க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன. நாட்டின் இரு கரைகளிலும் ஒரே ஆள் அத்தனை கடைகளுக்குப் போயிருக்க இயலாது என்பது எவருக்கும் புலப்படும். ஆனால் அந்தந்தக் கடை ஊழியரின் கையில் இருந்தது தம் கடைக்கு வந்த எச்சரிக்கை மட்டுமே. மொத்தக் கணக்கைப் பார்க்க வேண்டிய நிறுவனமோ அதனைச் சோதிக்கவில்லை.

விளைவாக, ஐந்தாண்டுகளுக்கு அந்நிறுவனம் கண்காணிப்பிற்காக இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. சேர்த்த படங்களை மட்டுமன்றி, அவற்றைக் கொண்டு உருவாக்கிய மென்பொருள் வடிவங்களையும் அழிக்க ஆணையிடப்பட்டது. கடைத்திருட்டு உண்மையான தொல்லை. அதனைத் தடுக்க நிறுவனம் முயன்றதில் குற்றமில்லை. ஐயத்தை உருவாக்கிய கருவி ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகக் கொள்ளப்பட்டதுதான் குற்றம். ‘கணினி சொல்கிறது’ என்ற ஒரு சொல் வாடிக்கையாளரின் மானத்தைவிட மேலானதாகிவிட்டது.

வாயிலில் தொங்கும் பலகை இசைவு ஆகுமா?

பிழையே இல்லாத அமைப்பு ஒன்று வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது. ஏனெனில் பிழைக்கு முன்னதாக நிற்கும் கேள்வி இசைவு.

ஆஸ்திரேலியாவில் ‘செவன் இலெவன்’ நிறுவனம் 2020, 2021 ஆண்டுகளில் சுமார் 700 கடைகளில் வாடிக்கையாளர் கருத்தறியும் கையடக்கத் திரைகளை வைத்தது. கருத்துச் சொல்லும்போதே அத்திரை அவர் முகத்தைப் படமெடுத்து எண்வரிசையாக மாற்றியது. ஒரே ஆள் மீண்டும் மீண்டும் கருத்துப் பதிந்து கணக்கைக் குழப்புகிறாரா என்று பார்ப்பதே முக்கிய நோக்கம். உள்ளே நுழைவதே முக அடையாளக் கேமராக்களுக்கான இசைவாகும் என்ற பொருளில் வாயிலில் ஓர் அறிவிப்பும் இருந்தது. 2021இல் அந்நாட்டின் தனியுரிமைத் துறை ஆணையர் இதனை ஏற்கவில்லை. அறிவிப்பைக் கடந்து நடப்பது இசைவாகாது. கருத்துக்கணிப்பைச் செம்மை செய்யும் சிறு நோக்கத்திற்கு முகப்பதிவு தேவையும் இல்லை என்று முடிவு செய்து, சேர்த்த முகப்பதிவுகளை அழிக்குமாறு உத்தரவிட்டார்.

ஸ்பெயினில் ‘மெர்கடோனா’ அங்காடித் தொடர் முன்வைத்த காரணம் இதைவிட வலுவானது. தன் கடைகளுக்குள் வரக்கூடாது என நீதிமன்றம் தடை விதித்தவர்களை மட்டுமே கண்டறிய விரும்பியதாக அது கூறியது. ஆனால் அச்சிலரைக் கண்டறிய, குழந்தைகள், ஊழியர்கள் உட்பட உள்ளே வரும் அத்தனை பேரின் முகத்தையும் ஆராய வேண்டியிருந்தது. சிலரைத் தேட எல்லாரையும் சோதிப்பது அளவுக்கு மிஞ்சியது என்று கருதிய தரவுப் பாதுகாப்பு முகமை, 2021இல் 25 இலட்சம் யூரோவுக்கும் மேற்பட்ட தண்டத்தை விதித்தது. முகப்பதிவைச் சிறப்புக் காப்புக்குரிய தரவாக ஐரோப்பியச் சட்டம் வகைப்படுத்தியிருப்பதே இம்முடிவுக்கு அடிப்படை.

சீனாவின் ஹாங்சோ நகரில் நிகழ்ந்த வழக்கும் அறியத்தக்கது. அங்கே ஒரு சஃபாரி பூங்காவின் ஆண்டு நுழைவுச்சீட்டை ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் 2019இல் வாங்கினார். வாங்கியபோது கைரேகையே அடையாளம். சில மாதங்களில் பூங்கா விதியை மாற்றி, முகத்தைப் பதிந்தால்தான் உள்ளே வரலாம் என்றது. அவர் நீதிமன்றம் சென்றார். கிடைத்த இழப்பீடு 1,038 யுவான் மட்டுமே. ஆனால் அவருடைய முகத்தரவை அழிக்க வேண்டும் என்று 2020இல் தீர்ப்பாயிற்று. 2025 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த சீன விதிகள், அதே நோக்கத்தை வேறு வழியில் நிறைவேற்ற இயலுமாயின் முகத்தை மட்டுமே ஒரே வழியாக வைக்கக் கூடாது என்றும், உடன்படாதவருக்கு வேறு வசதியான வழி அளிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன.

மூன்று நாடுகள், மூன்று சட்ட மரபுகள். எனினும் வந்துசேரும் இடம் ஒன்றே. மறுக்க வழியில்லாத இடத்தில் இசைவு என்பது பெயரளவே. ‘முகத்தைத் தர விரும்பவில்லை’ என்று சொல்பவருக்கு அதே சேவை, அதே விலையில், அதே மரியாதையோடு கிடைத்தால் மட்டுமே, விரும்பித் தந்தவரின் இசைவும் உண்மையான இசைவாகும்.

சட்டம் இயற்றியோர் தேர்ந்த வழிகள்

இதனை ஒழுங்குபடுத்த உலகில் பலவகை வழிகள் கையாளப்படுகின்றன. அமெரிக்காவின் இலினாய் மாநிலம் 2008இலேயே தனிச்சட்டம் இயற்றியது. எழுத்து வடிவில் இசைவு பெறாமல் முகப்பதிவையோ கைரேகையையோ எடுக்கக் கூடாது, விற்கக் கூடாது, நோக்கம் நிறைவேறியதும், அல்லது வாடிக்கையாளர் கடைசியாகத் தொடர்பு கொண்டதிலிருந்து மூன்றாண்டுக்குள், எது முந்தியதோ அப்போது அழித்துவிட வேண்டும். இதன் கூர்மை வேறோர் இடத்தில் உள்ளது. பாதிக்கப்பட்டவரே நேரடியாக வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறலாம். படங்களில் உள்ளவர்களை முகத்தால் அடையாளம் கண்டு பெயர் சுட்டிய வசதிக்காக ‘ஃபேஸ்புக்’ நிறுவனம் இச்சட்டத்தின்கீழ் 65 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. கூட்டாட்சி நிதிச்சட்டத்திற்கு உட்பட்ட நிதி நிறுவனங்களுக்கு இச்சட்டம் விலக்கு அளிக்கிறது என்பதையும் வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் குறித்துக்கொள்ளலாம்.

நியூயார்க் நகரம் மென்மையான வழியைத் தேர்ந்தது. 2021 ஜூலை முதல், கடைகள் தெளிவான அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். தரவை விற்கக் கூடாது. பயன்படுத்தத் தடையில்லை. போர்ட்லாந்து நகரமோ அதே ஆண்டு ஜனவரி முதல், பொதுமக்கள் வந்துசெல்லும் இடங்களில் தனியார் நிறுவனங்கள் இதனைப் பயன்படுத்துவதற்கே தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், இணையத்திலிருந்தும் சிசிடிவி காட்சிகளிலிருந்தும் முகங்களை வகைதொகையின்றி அள்ளிச் சேர்த்துத் தரவுத்தளம் அமைப்பதை 2025 பிப்ரவரி முதல் தடை செய்துள்ளது.

பலகை வைத்தல் எளிது. ஆனால் அது தெரிவிக்கிறதே தவிரக் கேட்பதில்லை. முழுத்தடை தெளிவானது, ஆனால் நன்மை பயக்கும் பயன்பாட்டையும் அது அடைத்துவிடக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே, பயனின் தன்மையைப் பார்த்து வரம்பிடும் வழியே நமக்கு ஏற்றதெனத் தோன்றுகிறது.

இந்தியச் சட்டத்தின் நிலை

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் வழித்தோன்றலே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் பற்றியவை உடனடியாகவும், நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்தும் நடைமுறைக்கு வரும் என்று அவ்விதிகள் வகுத்துள்ளன.

இச்சட்டம் வாடிக்கையாளருக்குத் தரும் வலிமை பெரிது. இசைவு என்பது தன்விருப்பமானதாக, குறிப்பிட்ட நோக்கத்திற்கானதாக, விவரமறிந்ததாக, நிபந்தனையற்றதாக, ஐயத்திற்கு இடமின்றித் தெளிவான செயலால் உணர்த்தப்பட்டதாக இருக்க வேண்டும். அந்நோக்கத்திற்குத் தேவையான தரவுக்கு மட்டுமே அது செல்லும். இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும். ஆகவே தமிழிலும் கேட்கலாம். எவ்வளவு எளிதாக இசைவு தந்தோமோ அவ்வளவு எளிதாக அதனைத் திரும்பப் பெறவும் இயல வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவுக்குப் பெற்றோரின் இசைவு வேண்டும். தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்திற்கு ரூ.250 கோடி வரை தண்டம் விதிக்கலாம்.

இவ்வளவையும் ஒரு கடையின் கூரைக் கேமராவுக்குப் பொருத்திப் பார்த்தால், நுழைவதையே இசைவாகக் கொள்ளும் பலகை இந்த இலக்கணத்துக்குப் பொருந்தாது என்பது நம் கருத்து. ஆயினும் சட்டத்தில் நான்கு இடைவெளிகள் உள்ளன. அவற்றை அறிந்திருத்தல் நலம்.

ஒன்று: முகப்பதிவுக்கெனத் தனிக்காப்பு இல்லை. 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், முகவடிவம் உள்ளிட்ட பயோமெட்ரிக் தகவலைச் ‘கூருணர்வுத் தரவு’ எனத் தனியே வகைப்படுத்தி எழுத்து வடிவ இசைவைக் கோரின. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய வகைப்பாடு இல்லை. மின்னஞ்சல் முகவரியும் முகமும் அதற்கு ஒன்றே. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். அட்டை தொலைந்தால் முடக்கிவிட்டு வேறு பெறலாம். முகத்தை மாற்ற இயலாது.

இரண்டு: ஒருவர் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தனிநபர் தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது. சமூக ஊடகத்தில் எல்லாரும் காணும்படி நாம் இட்ட படம் இந்த வரையறைக்குள் வந்துவிடக்கூடும். ஐரோப்பா தடை செய்த செயலுக்கு இங்கே கதவு முழுதும் அடைபடவில்லை.

மூன்று: குற்றத்தைத் தடுத்தல், கண்டறிதல் ஆகிய நோக்கங்களுக்காகத் தரவைக் கையாளும்போது இசைவு உள்ளிட்ட பல கடமைகளிலிருந்து சட்டம் விலக்கு அளிக்கிறது. அவ்விலக்கு அரசுக்கு மட்டுமே என்று அதில் வரையறுக்கப்படவில்லை. கடைத்திருட்டைத் தடுப்பதாகக் கூறி ஒரு தனியார் அங்காடியும் இதன் நிழலில் ஒதுங்க முற்படலாம். மேலே கண்ட மருந்துக்கடைத் தொடரின் நோக்கமும் குற்றத்தடுப்பே என்பதை நினைவிற் கொண்டால், இந்த இடைவெளியின் அகலம் விளங்கும்.

நான்கு: விதிக்கப்படும் தண்டம் அரசின் தொகுப்பு நிதியில் சேரும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இச்சட்டத்தில் வழியில்லை. கவனக்குறைவால் தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்திடம் இழப்பீடு கோர உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும், புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது நீங்கிவிடும்.

வங்கித் துறையில் ஏற்கெனவே உள்ள முன்மாதிரி

சரிபார்த்தலைப் பொறுப்போடு பயன்படுத்துவது எப்படி என்பதற்கு வங்கித் துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, காணொளி வழியாக வாடிக்கையாளரை அடையாளம் காணும் முறையை அனுமதித்தது. இதில் முக ஒப்பீடு பயன்படுகிறது. ஆனால் மறுமுனையில் பயிற்சி பெற்ற வங்கி அலுவலர் ஒருவர் நேரலையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் இசைவைப் பெற வேண்டும். தொடங்கிய கணக்கு உடனிகழ் தணிக்கைக்குப் பின்னரே இயங்கத் தொடங்கும். யாவற்றிற்கும் மேலாக, அடையாளம் காணும் இறுதிப் பொறுப்பு வங்கியுடையதே என்று விதி கூறுகிறது. ‘கணினி சொல்கிறது’ என்று இங்கே எவரும் கைகழுவ முடியாது.

இம்முறையிலும் ஒரு குறை இருந்ததை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. எதிரே இருப்பவர் உயிருள்ள ஆள்தான், படமன்று என்பதை உறுதிசெய்யக் கண் சிமிட்டச் சொல்வது வழக்கம். அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர்கள் எவ்வாறு சிமிட்டுவார்கள்? பார்வையற்றவர் கேமராவின் சட்டகத்திற்குள் முகத்தை எவ்வாறு பொருத்துவார்? இத்தகையோர் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கண் சிமிட்டலுக்கு மாற்றுவழிகளை ஏற்க வேண்டும், காகித வழியிலான சரிபார்ப்பையும் தொடர வேண்டும் என்பன உட்பட 20 பணிப்புரைகளை வழங்கியது.

இந்தத் தீர்ப்பு மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் உரியதன்று. மாற்றுவழி என்பது சலுகையன்று. முகத்தைச் சாவியாக்கும் எவரும் ஏற்க வேண்டிய கடமை. முகத்தைக் காட்ட இயலாதவருக்காகத் திறக்கும் அதே கதவே, காட்ட விரும்பாதவருக்கும் காப்பு.

எத்தகைய ஒழுங்குமுறை வேண்டும்?

இதுவரை கண்டவற்றிலிருந்து சில நெறிகள் தெளிவாகின்றன. வாடிக்கையாளர் தாமே கோரும் சரிபார்த்தலை அனுமதிக்கலாம். ஆனால் எப்போதும் வேறொரு வழியும் திறந்திருக்க வேண்டும். அறியாமல் நிகழும் கண்டுபிடித்தலை வணிக நிறுவனங்களுக்குப் பொதுவாக மறுப்பதே முறை. மிக அரிய காரணத்திற்காக விலக்கு அளிப்பின், முன்அனுமதியும், சுதந்திரமான துல்லியச் சோதனையும், பட்டியலில் சேர்க்கப்பட்டவருக்குத் தகவலும், முறையிடும் வழியும் கட்டாயமாக வேண்டும். ஒரு நோக்கத்திற்குப் பெற்ற முகம் வேறொன்றுக்குப் பயன்படலாகாது; கணக்குத் தொடங்கத் தந்த முகம் விளம்பரத்திற்குப் போகலாகாது. எச்சரிக்கையை மட்டும் நம்பி ஒருவரை நிறுத்தவோ, சோதிக்கவோ, வெளியேற்றவோ கூடாது. தவறு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கே இழப்பீடு சேர வேண்டும்.

இவை வணிகத்திற்கு எதிரானவை அல்ல. தெளிவான வரம்பு உள்ள இடத்தில்தான் மக்கள் அச்சமின்றிப் புதுமையை ஏற்கிறார்கள்.

வாடிக்கையாளர் கேட்க வேண்டியவை

சட்டம் முழு உருப்பெறும் வரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. எந்த நிறுவனமாயினும் நம் முகத்தைக் கோரும்போது பின்வரும் கேள்விகளை எழுப்பலாம்.

1. எந்த நோக்கத்திற்காக முகம் தேவைப்படுகிறது? அந்நோக்கம் எழுத்தில் உள்ளதா? தமிழில் கிடைக்குமா?

2. முகத்தைத் தர மறுத்தால் வேறு எந்த வழியில் இச்சேவையைப் பெறலாம்?

3. முகப்பதிவு என் கருவியிலேயே தங்குகிறதா, நிறுவனத்தின் கணினிக்குச் செல்கிறதா? வேறு எவருக்கேனும் தரப்படுகிறதா?

4. எத்தனை நாள் வைத்திருக்கப்படும்? கணக்கை முடித்தாலோ இசைவைத் திரும்பப் பெற்றாலோ எப்போது அழிக்கப்படும்?

5. கணினி என்னைத் தவறாக அடையாளம் கண்டால், அதனைத் திருத்தும் அதிகாரம் கொண்ட அலுவலர் யார்?

இவற்றோடு சில நடைமுறை எச்சரிக்கைகளும் தேவை. தொலைபேசியில் அழைத்து ‘சரிபார்ப்புக்காகக் கேமராவைப் பாருங்கள், கண் சிமிட்டுங்கள்’ என்று கூறும் அந்நியருக்கு உடன்பட வேண்டாம். காணொளிச் சரிபார்ப்பை வங்கியின் அதிகாரபூர்வச் செயலி அல்லது இணையதளம் வழியாக நாமே தொடங்க வேண்டும். கேமரா அனுமதி கோரும் செயலிக்கு அவ்வனுமதி உண்மையில் தேவைதானா என்று பார்த்து, தேவையற்றதை நீக்கலாம். ஆதார் பயோமெட்ரிக் பூட்டு வசதியைப் பயன்படுத்தி, வேண்டும்போது மட்டும் திறக்கலாம். மோசடி நேர்ந்தால் தாமதமின்றி வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் அளிக்க வேண்டும். வங்கிச் சேவை பற்றிய முறையீட்டிற்கு 30 நாள்களுக்குள் உரிய விடை கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

முகதாட்சிணியம் என்று ஒரு சொல் நம்மிடையே உண்டு. எதிரே நிற்பவரின் முகத்திற்காக மறுக்க இயலாமல் ஒன்றுக்கு உடன்படுவதை அது குறிக்கும். கேமராவுக்கு முன் அந்தத் தாட்சிணியம் தேவையில்லை. ‘ஏன்’ என்று கேட்பதும், ‘வேறு வழி உண்டா’ என்று கேட்பதும், ‘வேண்டாம்’ என்று சொல்வதும் வாடிக்கையாளரின் உரிமை. அவ்வுரிமையை நாம் இன்றே பயன்படுத்தத் தொடங்கினால், நாளை எழுதப்படும் விதிகளில் அதற்கு உரிய இடம் கிடைக்கும்.